இந்திய – இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம்

ஒரு நாட்டின் பொருள் மற்றொரு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்போது அதன்மீது சுங்கத் தீர்வை விதிக்கப்படுகிறது. தீர்வை கூடினால் விலை கூடும்; விலை கூடினால் விற்பனை குறையும். இத்தீர்வையை நீக்கவோ குறைக்கவோ நாடுகள் தமக்குள் உடன்படுவதே தடையற்ற வணிக ஒப்பந்தம் ஆகும். 'தடையற்ற' என்னும் சொல்லைக் கண்டு, எல்லாப் பொருளும் வரியின்றி வந்து குவியும் என எண்ணிவிடலாகாது. அண்டை நாடாகிய இலங்கையுடன் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தமே இதற்குச் சான்று.

இவ்வொப்பந்தம் 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் புதுதில்லியில் கையெழுத்தாகி, 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா பெரிய நாடு. இலங்கை சிறிய நாடு. இரண்டிற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஆகவே இந்தியா 3 ஆண்டுகளிலும், இலங்கை 8 ஆண்டுகளிலும் படிப்படியாகத் தீர்வையை நீக்குவதென முடிவாயிற்று.

ஆயினும் தத்தம் உழவரையும் தொழிலாளரையும் காக்கும்பொருட்டு, சலுகை பெறாத பொருள்களின் பட்டியலை இரு நாடுகளும் வகுத்துக்கொண்டன. இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரையே சலுகை. ஆயத்த ஆடைகளுக்கும் வரம்பு உண்டு.

பொருளின் பிறப்பிடம் பற்றியும் விதி உண்டு. மூன்றாம் நாட்டுச் சரக்கை வாங்கிப் பெயரை மாற்றி அனுப்பலாகாது. பொருளின் மதிப்பில் பொதுவாக 35 விழுக்காடேனும் ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சேர்ந்திருத்தல் வேண்டும்.

இவ்விதி இருந்தும் சிக்கல் எழுந்தது. இலங்கையில் பாமாயில் மீதான தீர்வை இந்தியாவைவிடக் குறைவாக இருந்தது. எனவே வெளிநாட்டுப் பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக்கி, இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் அங்குப் பெருகின. இந்திய வனஸ்பதி ஆலைகள் போட்டியிட முடியாமல் முறையிட்டன. 2006-இல் இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என வரம்பு கட்டியது. 2008-இல் கச்சாப் பாமாயில் மீதான தன் தீர்வையையே நீக்கியது. அத்துடன் இலங்கை ஆலைகளுக்கு இருந்த ஆதாயமும் மறைந்தது.

தீர்வையின் ஏற்றத்தாழ்வை மட்டும் நம்பி எழுந்த தொழில் நிலைப்பதில்லை. அது சாயும்போது முதலில் வேலை இழப்பவர் ஏழைத் தொழிலாளரே. நாட்டின் சொந்த விளைபொருளும் உழைப்பும் திறமையும் கலந்த தொழிலே வேரூன்றி நிற்கும்.

மாணவியரே! நாடுகள் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன எனச் செய்தித்தாளில் படிக்கும்போது, எந்தப் பொருளுக்கு, எவ்வளவுக்கு, எங்கே உருவானதற்குச் சலுகை என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின் உண்மைப் பொருள் அப்போதுதான் விளங்கும்.