எழுத்தும் ஒப்பனையும்: காட்பாடித் தம்பிக்கு ஒரு கடிதம்



கைப்பேசிக்கு ஒரு தமிழ் விசைப்பலகை எழுத வேண்டும் என்ற ஆசை உனக்கு வந்திருப்பது நல்ல சேதி. அந்த ஆசைக்குக் காட்பாடி பொருத்தமான ஊர். அங்கிருந்து ஆம்பூர் வரைக்கும் ஷூ கம்பெனிகளும் தோல் ஷாப்புகளும் இன்று வாட்ஸ்அப்பில்தான் பேசிக்கொள்கின்றன. "அப்பர் 200 ஜோடி வந்தாச்சு. *இன்சோல் இன்னும் வரல*" என்று ஒரு செய்தி போனால், நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ளது தடித்த எழுத்தில் தெரிய வேண்டும். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போக வேண்டும். ஒப்பனை என்று இந்தக் கடிதம் சொல்வது இதைத்தான்: தடிப்பு, சாய்வு, அடிக்கோடு, நிறம்.

கைப்பேசித் தமிழுக்கு வயது அதிகமில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ல் கணினிக்கான முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். அவருடைய செல்லினம் செயலி 2005-ல் கைப்பேசிக்கு வந்தது. தமிழே திரையில் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் அது. தடிப்பு, சாய்வு எல்லாம் அப்போது யாருக்கும் கவலை இல்லை. ஆண்ட்ராய்டில் வெளியார் விசைப்பலகைகளுக்கு 2009-ல் 1.5 பதிப்பு வழி திறந்தது, ஐபோனில் 2014-ல் ஐஓஎஸ் 8.

ஆண்ட்ராய்டில் ஒப்பனை எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள். அது எழுத்துக்குள் இல்லை. எழுத்துச் சரம் ஒரு பக்கம் இருக்கும். "இத்தனையாவது குறியிலிருந்து இத்தனையாவது குறி வரை தடிப்பு" என்ற குறிப்பு இன்னொரு பக்கம் இருக்கும். அந்தக் குறிப்புக்கு ஸ்பேன் என்று பெயர். நீ தட்டிக்கொண்டிருக்கும் சொல்லின் கீழே ஓடும் அடிக்கோடும் ஒரு ஸ்பேன்தான். செட் கம்போசிங் டெக்ஸ்ட் என்ற அழைப்பின் வழியே சொல்லை அனுப்பும்போது நீ ஒப்பனை எதுவும் சேர்க்காவிட்டால், ஆண்ட்ராய்டே வழக்கமான ஒப்பனையைப் போட்டுவிடும். ஒவ்வொரு விசைக்கும் அந்தச் சொல் முழுவதும் புதிதாகப் போகிறது. ஆகவே நீ போட்ட ஒப்பனையும் ஒவ்வொரு முறையும் கூடவே போக வேண்டும்.

தமிழின் சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. "காட்பாடி" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து; யூனிகோடுக்கு எட்டுக் குறி. க, துணைக்கால், ட, புள்ளி, ப, துணைக்கால், ட, இகரக் குறி. "ஆம்பூர்" நான்கு எழுத்து, ஏழு குறி. ஸ்பேன் எண்ணுவது குறிகளை. வாசகர் பார்ப்பது எழுத்துகளை. இந்த இடைவெளியில்தான் பிழை புகும்.

ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார். பயனர் "தோல" வரை அடித்திருக்கிறார். குறி மூன்று: த, ஓகாரக் குறி, ல. அதற்கு நீ தடிப்பு கொடுக்கிறாய், இரு முனையும் மூடிய ஸ்பேனாக. அடுத்து அவர் புள்ளி வைக்கிறார். புள்ளி நான்காவது குறி. ஸ்பேனோ மூன்றோடு நின்றுவிட்டது. ல தடித்து நிற்க, புள்ளி ஒப்பனைக்கு வெளியே போய்விடுகிறது. திரையில் ஒரே எழுத்தின் உடலும் புள்ளியும் இரண்டு துண்டாக வரையப்படும். புள்ளி இடம் மாறி விழலாம், புள்ளிவட்டம் ஒன்று முளைக்கலாம். சரி, பின்முனையைத் திறந்துவிடலாம் என்றால் புள்ளி உள்ளே வரும். அதோடு அடுத்து வரும் இடைவெளியும் அடுத்த சொல்லும் சேர்ந்தே வந்துவிடும்.

தீர்வு, ஸ்பேனின் முனையைக் குறி எண்ணை வைத்து முடிவு செய்யாமல் இருப்பது. பிரேக் இட்டரேட்டர் என்று ஒரு கருவி ஜாவாவிலேயே இருக்கிறது. எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு விசைக்குப் பிறகும் அதைக் கேட்டு, ஸ்பேனின் இரு முனைகளையும் எழுத்தின் எல்லைக்கு நகர்த்து. கருவியையும் முழுக்க நம்பிவிடாதே. "க்ஷ"வை அது க், ஷ என்று இரண்டாகத்தான் எண்ணும், "ஸ்ரீ"யையும் அப்படியே. இந்த இரண்டுக்கும் நீயே தனி விதி எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பொறி, "கொ". இதை க, ஒகரக் குறி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. வேறு செயலியிலிருந்து ஒட்டிய உரை மூன்று குறி வடிவில் வந்து, நீ அதை இரண்டாகச் சுருக்கினால், அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பேனும் ஓரிடம் தள்ளிப் போகும். அதனால் முதலில் வடிவத்தைச் சீராக்கு, பிறகு ஒப்பனை போடு. வரிசை மாறக் கூடாது.

புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் ஒப்பனையை இழப்பது பெரும்பாலும் கூட்டல் குறியால்தான். ஒப்பனை உள்ள இரண்டு சரங்களைக் கூட்டல் குறி போட்டு இணைத்தால் வெறும் எழுத்து மட்டுமே மிஞ்சும். டு ஸ்ட்ரிங் என்று கேட்டாலும் அதே கதி. டெக்ஸ்ட் யூட்டில்ஸில் உள்ள கன்கேட்டைப் பயன்படுத்தினால் ஸ்பேன்கள் பிழைக்கும். கர்சருக்கு முன்னால் உள்ள உரையைக் கேட்டு வாங்கும்போதும் கவனம் வேண்டும். "ஒப்பனையோடு கொடு" என்று கேட்காவிட்டால் அது வெறும் எழுத்தாகத்தான் வரும்.

நீ அனுப்பிய ஒப்பனையை எதிர்ச் செயலி அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. விசைப்பலகை ஒரு செயலி, வாட்ஸ்அப் வேறொரு செயலி. ஆண்ட்ராய்டு சொந்தமாகக் கொடுத்த ஸ்பேன் வகைகள் மட்டுமே இந்த எல்லையைத் தாண்டும். நீயாக உருவாக்கிய வகை தாண்டாது. ஐபோனிலோ இன்சர்ட் டெக்ஸ்ட் வெறும் சரத்தை மட்டுமே வாங்கும். வாட்ஸ்அப் இதற்கு வேறு வழி கண்டது: ஒப்பனையையே எழுத்தாக அனுப்பி, படிக்கும் இடத்தில் தடிப்பாக மாற்றுகிறது. ஆனால் நட்சத்திரம் சொல்லை ஒட்டி நிற்க வேண்டும். பரிந்துரைச் சொல்லைத் தொட்டதும் பல விசைப்பலகைகள் தானாக ஓர் இடைவெளி விடும். அதன் பிறகு வரும் நட்சத்திரம் தனியே நின்றுவிடும், தடிப்பு வராது. முற்றுப்புள்ளி அடித்தால் அந்த இடைவெளியை அதற்குப் பின்னே தள்ளும் வேலையை ஆண்ட்ராய்டின் திறந்த மூல விசைப்பலகையான லேட்டின் ஐஎம்இ செய்கிறது. மூடும் நட்சத்திரத்துக்கும் நீ அதையே செய். ஆம்பூர்க்காரர்கள் அன்றாடம் அனுபவிக்கப்போகும் உதவி இதுதான்.

"அழகு எழுத்து" விசைப்பலகைகளைப் பார்த்து மயங்காதே. அவை எழுத்துரு எதையும் மாற்றுவதில்லை. 2001-ல் யூனிகோடு 3.1 கணிதத்துக்கென்று தந்த ஆங்கிலக் குறிகளைப் பெயர் எழுதப் பயன்படுத்துகின்றன. அப்படி எழுதிய பெயர் தேடலில் சிக்காமல் போகும். பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் செயலிகளும் தடுமாறும். தமிழுக்கு அப்படித் தனிக் குறிகள் இல்லை. இல்லாததே நல்லது. ஆனாலும் சிலர் ஒவ்வொரு குறிக்குப் பின்னும் ஒட்டும் அடிக்கோட்டுக் குறி ஒன்றைச் செருகுகிறார்கள். அது "க"வுக்கும் துணைக்காலுக்கும் நடுவே போய் உட்கார்ந்து "கா"வைப் பிளந்துவிடும். இதை உன் செயலியில் ஒருபோதும் செய்யாதே.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஒரே செய்தியில் தமிழும் உருதும் கலந்து வரும். உருது வலமிருந்து இடம் ஓடும். ஸ்பேனின் எண்கள் திரையில் தெரியும் வரிசைப்படி இல்லை, அடித்த வரிசைப்படிதான். எனவே விரலால் தேர்ந்தெடுத்த பகுதி திரையில் இரண்டு துண்டாகத் தெரிந்தாலும் உன் கணக்கில் அது ஒரே துண்டு. அதைக் கண்டு பதறி, ஸ்பேனை இரண்டாக வெட்டிவிடாதே.

எழுத்தின் எல்லையைப் பார்க்க வேண்டும் என்ற விதிக்கு பேக்ஸ்பேஸ் மட்டும் விலக்கு. அங்கே குறி குறியாக அழிப்பதே தமிழருக்கு வசதி: "டி" என்று அடித்தவர் "டு" ஆக்க நினைத்தால், இகரக் குறி மட்டும் போனால் போதும். அழித்த பிறகு ஒப்பனையின் எல்லையை மறுபடி சரிபார்த்துக்கொள்.

இண்டிக் கீபோர்டு என்ற திறந்த மூலச் செயலியில் தமிழ் 99 தளவமைப்பும் இருக்கிறது. அதன் நிரலை இந்த விடுமுறையில் இறக்கிப் படி. காட்பாடி, ஆம்பூர், தோல், கொலுசு, கௌரவம், பக்ஷி, ஸ்ரீ என்ற ஏழு சொற்களையும் தடிப்பிலும் நிறத்திலும் ஒவ்வொரு விசையாக அடித்துச் சோதித்துப் பார். எங்கே புள்ளி பிரிந்தாலும் காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தத்தை அந்தத் திட்டத்துக்கே அனுப்பு.