கடனாய் வந்த தராசு



வெளிநாட்டுக் கடன் என்று செய்தித்தாளில் வாசிக்கும்போது, அது டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலுள்ள காரியம் என்று கடந்துபோகிறோம். ஆனால் அப்படிப்பட்ட கடன் ஒன்று, காரியாபட்டியும் திருச்சுழியும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கே வந்தது. அதை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே இம்மாதப் பாடம்.

1980-ஆம் ஆண்டு, உலக வங்கியைச் சேர்ந்த சர்வதேச வளர்ச்சிச் சங்கம், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் சோதித்துப் பார்த்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கினார்கள்.

திட்டத்தின் நடுவே இருந்தது ஒரு தராசு. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, அட்டையில் கோடு இழுத்தார்கள். கோடு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துருண்டை. எடை ஏறியதும் நிறுத்தம். மானாவாரிப் பூமியில் களையெடுப்புக்குத் தாய் போய்விட்டால், கைக்குழந்தை மூத்த பிள்ளையின் இடுப்பில்தான் வளரும். அது மெலிவது வீட்டார் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது, அட்டையில் தெரிந்துவிடும். எடைபோட்டவர்களும் வெளியூர் அதிகாரிகள் அல்லர். ஏழையாயிருந்தும் தன் பிள்ளையை நன்றாய் வளர்த்த உள்ளூர்த் தாய்மாரையே பணியாளராய்த் தேடினார்கள். கடன் கொடுத்தவர்களின் காகிதங்களில் நமக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

பலன் என்ன? கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாய்க் குறைந்தது என்று மதிப்பீடுகள் கூறின. நடுத்தரக் குறைவோ அவ்வளவாய் அசையவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1982 ஜூலையில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரே ஊரில், ஒரே வீட்டில், தம்பிக்குக் கடன் பணத்து உருண்டையும் அக்காளுக்குச் சத்துணவும் கிடைத்தபோது, வீட்டுச் சோற்றில் மிச்சமானது யாருக்குப் போயிற்று? எந்தப் பணம் எந்தக் குழந்தையைத் தேற்றியது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆகவே "எங்கள் உதவியால்தான்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும் சற்று நிதானித்தே கேட்கவேண்டும். நம் போன்ற ஊழியங்கள் சொன்னாலும் அப்படியே.

இனி கடனின் விலையைப் பார்ப்போம். அக்காலத்தில் இச்சங்கத்தின் நிபந்தனை 50 ஆண்டுத் தவணை; முதல் 10 ஆண்டு அசல் கட்டவேண்டாம்; வட்டி இல்லை, முக்கால் சதவீதச் சேவைக் கட்டணம் மட்டும். இதைவிட இளகிய கடன் உலகில் அரிது. ஆனாலும் இரண்டு இடங்களில் அது இறுகியது. அன்று டாலர் சுமார் 8 ரூபாய், இன்று 80-க்கும் மேல். அசலைத் திருப்பும்போது அந்த வித்தியாசம் நம் தலைமேல். மேலும், இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பணத்தை மத்திய அரசு மாநிலங்களுக்கு நெடுங்காலம் 70 பங்கு கடனாகவும் 30 பங்கு மானியமாகவும், தன் சொந்த வட்டி விகிதத்திலேயே கொடுத்துவந்தது. 2005-க்குப் பிறகே இது மாறியது. வாஷிங்டனில் இருந்த மலிவு, கோட்டைக்கு வந்து சேருமுன் கரைந்துபோயிற்று!

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் வருஷம் விடுதலையின் வருஷம். அந்தப் பெயரைக் கொண்டே "யூபிலி 2000" இயக்கம் ஏழை நாடுகளின் கடனை ரத்துசெய்யக் கேட்டது. 2005-இல் வல்லரசுகள் பல ஆப்பிரிக்க நாடுகளின் உலக வங்கிக் கடனையும் நீக்கச் சம்மதித்தன. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு ஐம்பதாம் வருஷம் கடைசித் தவணையின் வருஷம்: அந்த நிபந்தனைப்படி கணக்கிட்டால் அது 2030. அன்று தராசில் தொங்கிய குழந்தைக்கு அப்போது ஏறக்குறைய 50 வயதாயிருக்கும். அவர் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் உள்ள வரியிலிருந்தே அந்தத் தவணையும் போகும்.