எனக்குப் பசிக்கிறது: எழுவாய் எங்கே?

"நான் படிக்கிறேன்" என்னும் வாக்கியத்தில் எழுவாயைக் காண்பது எளிது. "எனக்குப் பசிக்கிறது" என்பதில் எழுவாய் எது? எம்மிற் பலர் "எனக்கு" என்பதன் கீழ்க் கோடிடுவோம். "கு" நான்காம் வேற்றுமை உருபு; எழுவாயோ முதலாம் வேற்றுமை. ஆகவே புள்ளி கிடைக்காது. ஆனாலும் அந்த விடையில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பெயர்ச்சொல் வாக்கியத்தில் ஏற்கும் உறவைக் காட்டுவது வேற்றுமை. அரபு இலக்கணம் கற்கும் தோழியருக்கு இது புதிதன்று. ஆசிரியை என்னும் ஒரே சொல் "முஅல்லிமதுன், முஅல்லிமதன், முஅல்லிமதின்" என ஈறு மாறுவதற்கு, அதனை ஆளும் "ஆமில்" காரணம் என்பர். 1981 இல் நோம் சொம்ஸ்கி நூலாக வெளியிட்ட கோட்பாடும் இதனை ஒத்தது. ஒவ்வொரு பெயர்த்தொடரும் வேற்றுமை பெறவேண்டும். அதை ஆளும் இன்னொரு கூறே அவ்வேற்றுமையை வழங்கும். இக்கண்கொண்டு தமிழை நோக்கினால், "நான்" என்பதற்கு முதலாம் வேற்றுமையைத் தருவது காலமும் இடமும் காட்டும் வினைமுற்று. அதனால்தான் "படிக்கிறேன்" என இரண்டும் இயைகின்றன. "எனக்கு" என்பதற்குக் "கு" வருவது பசி, பிடி, தெரி, விளங்கு போன்ற வினைகளின் பொருளால். எனவே "பசிக்கிறது" என வினை அஃறிணையில் நிற்கிறது.

இனி ஒரு சோதனை. "பாத்திமா ரிஸ்னாவைத் தன் வீட்டில் கண்டாள்." யாருடைய வீடு? பாத்திமாவுடையது. "தன்" எழுவாயைச் சுட்டுகிறது. "பாத்திமாவுக்குத் தன் தங்கையைப் பிடிக்கும்" என்பதிலும் "தன்" பாத்திமாவையே சுட்டுகிறது! உருபில் நான்காம் வேற்றுமை, நடத்தையில் எழுவாய். மாத்தளையில் எம் சிங்கள அயலவரும் பசித்தால் "மட்ட படகினி" என்பர். "மட்ட" என்றால் "எனக்கு".

தொல்காப்பியர் நான்காம் வேற்றுமைக்குக் கூறும் பொருள், ஒன்றை ஏற்றுக்கொள்வது. பசியை நாம் செய்வதில்லை. அது எம்மிடம் வருகிறது. விருப்பமும் விளக்கமும் அப்படியே. உருபுகள் ஒன்றன் இடத்தில் ஒன்று மயங்கி வருவதை ஆராய, சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலையே அவர் வகுத்திருக்கிறார்.

தோழியரே, பரீட்சையில் "எனக்கு" நான்காம் வேற்றுமை என்றே எழுதுங்கள். வீட்டிலோ "எனக்கு வெளங்கல்ல", "உம்மாவுக்குக் குளிருது" போன்ற வாக்கியங்களைத் திரட்டி, "தன்" சேர்த்துச் சோதித்துப் பாருங்கள். நாம் கோடிட்ட இடம் வெறும் ஊகமன்று என்பது புரியும்.