லேத்தில் மரை வெட்ட மின்னணு முறை

எச்.எம்.டி. 1953-இல் தொடங்கப்பட்ட ஊர் நம் பெங்களூர். லேத் வேலை அறிந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. பழைய லேத் வாங்கி வீட்டிலேயே சிறு பட்டறை வைத்திருப்போருக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும்போது டூல் நகரும் தூரமே மரையின் பிட்ச். அங்குலத்துக்கு 4 மரை உள்ள லீட் ஸ்குரூவில் 1.5 மி.மீ. பிட்ச் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். லீட் ஸ்குரூவின் பிட்ச் 6.35 மி.மீ.; ஆகவே ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு அது 30/127 சுற்று சுற்ற வேண்டும். 127 பல் சக்கரத்தைத் தேடி அலைவது இதனால்தான்.

மின்னணு முறையில் அந்தச் சக்கரம் வேண்டாம். ஸ்பிண்டிலில் என்கோடர், லீட் ஸ்குரூவில் ஸ்டெப்பர் மோட்டார், நடுவே மைக்ரோகன்ட்ரோலர். ரயில்வே பட்டறையில் கியர் சார்ட்டைப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இதில் சற்றுப் பொறாமைதான்!

மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 1600 ஸ்டெப் என்றால், ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு வேண்டியது 1600 × 30/127, அதாவது 377.95 ஸ்டெப். முழு எண் இல்லை பாருங்கள். புரோகிராமில் 377 என்று வெட்டிவிட்டால், 50 மரையில் ஏறத்தாழ 0.19 மி.மீ. குறையும்; நீளமான நட் நடுவிலேயே இறுகலாம். மீதியை எறியாமல் அடுத்த கணக்கில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

வேலை முடியும்வரை ஆஃப் நட்டைத் திறக்காதீர்கள். டூலை வெளியே இழுத்து, ஸ்பிண்டிலை எதிர்ப்பக்கம் சுற்றித் திரும்புங்கள். வேகமும் குறைவாகவே இருக்கட்டும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் பாரம் தாங்காமல் ஸ்டெப்பைத் தவறவிட்டால் கன்ட்ரோலருக்குத் தெரியாது. அடுத்த வெட்டு பழைய தடத்தில் விழாமல் மரை கெட்டுவிடும்.