ஹெட்போன் துளை எங்கே போயிற்று?

சென்ற ஓணத்துக்கு வந்த மகன், பாட்டிக்குப் புதிய கைபேசி ஒன்று வாங்கித் தந்தான். எண்பது வயதான என் தாயார் அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்கா, இதுல வயரை எங்க சொருகணும்?" என்று கேட்டார். சொருக இடமில்லை. அன்றோடு அவருடைய நாகர்கோவில் வானொலி நின்றது.

கரமனையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், பழைய கைபேசியில் நாகர்கோவில் பண்பலை இரைச்சலுடனாவது கேட்கும். 1984-ல் தொடங்கிய நிலையம் அது. மலையாளம் நன்றாகப் பேசுவாரே தவிர, தமிழில் செய்தி கேட்டால்தான் அம்மாவுக்குப் பொழுது விடிந்ததாகும். ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று, நாகர்கோவிலில் இருக்கும் என் அக்காளுக்குத் தொலைபேசி கிடைக்காமல், நாள் முழுதும் அந்த வயரைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தார்.

வயருக்கும் வானொலிக்கும் என்ன தொடர்பு என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். பண்பலை அலை 101 மெகாஹெர்ட்ஸில் வருகிறதென்றால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் நீளக் கம்பி இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கலாம். உள்ளங்கை அளவுக் கைபேசிக்குள் அதற்கு ஏது இடம்? ஆகவே ஹெட்போன் வயரையே ஏரியலாக்கிக் கொண்டார்கள். பாட்டைக் காதுக்குக் கொண்டுவந்த அதே வயர்தான் வானத்திலிருந்து பிடித்தும் தந்தது. புளூடூத்தில் அந்த வயர் இல்லை.

அந்தத் துளைக்கு வயது அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில், பணியாளர்கள் ஓர் இணைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சொருகிய முளையின் தம்பிதான் 3.5 மில்லிமீட்டர் பின். 1979-ல் வந்த சோனி வாக்மேன் அதை உலகெங்கும் பரப்பியது. 2012-லேயே ஓப்போ ஃபைண்டர் கைபேசி இத்துளை இல்லாமல் வந்தது. ஆனால் 2016 செப்டம்பரில் ஆப்பிள் ஐபோன் 7-ல் அதை எடுத்த பிறகுதான் மற்றவர்களும் துணிந்தார்கள். உள்ளே இடம் மிச்சம், தண்ணீர் புகாமல் காப்பது எளிது என்றார்கள். இரண்டும் உண்மைதான். கம்பியில்லா ஏர்பாட்ஸ் அதே மேடையில் அறிமுகமானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் ஆப்பிளைக் கேலி செய்த சாம்சங்கும் 2019-ல் நோட் 10-ல் துளையை அடைத்துவிட்டது!

சாலைக் கடைத்தெருவில் ஓர் இணைப்பான் வாங்கினேன். ஒலியே வரவில்லை. பிறகுதான் விவரம் தெரிந்தது: டைப்-சி இணைப்பான்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கைபேசியே தரும் ஒலியை அப்படியே கடத்துவது. மற்றொன்று, எண் குறிகளை ஒலியாக மாற்றும் சில்லு உள்ளே கொண்டது. நம் கைபேசிக்கு எது பொருந்தும் என்று கேட்டு வாங்க வேண்டும். சில்லு உள்ளதை மாற்றி வாங்கினேன். பாட்டு வந்தது, பண்பலை வரவில்லை. அந்தக் கைபேசியில் வானொலிக்கான ஏற்பாடே இல்லை.

பேரிடர் காலத்தில் உதவும் என்று, கைபேசிகளில் பண்பலை வசதி இருக்கச் செய்யும்படி மத்திய அரசு 2023 ஏப்ரலில் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. அது அறிவுரைதான், அம்மாவின் கைபேசிக்கு அது எட்டவில்லை.

கடைசியில் நீட்டிச் சுருக்கும் கம்பியுள்ள சிறிய டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதன் பக்கவாட்டில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. அம்மா பழைய வயரைத் தேடி எடுத்து அதில் சொருகிக்கொண்டு மாடிக்குப் போனார்.