பரங்குன்றப் பாறையும் பனையோலையும்

பேரையூரிலிருந்து திருமங்கலம் வழியாக மதுரைக்குச் செல்லும் அன்பர்கள், கூடல் மாநகரை அடையுமுன் திருப்பரங்குன்றத்து முருகப் பெருமானை வணங்கிச் செல்வது வழக்கம். அறுபடை வீடுகளுள் முதலாவதாகப் போற்றப்பெறும் அக்குன்றம், தமிழெழுத்தின் வரலாற்றையும் தன் மேனியில் தாங்கி நிற்பதைப் பலர் அறியார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்தும், 1200 ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்தும், 800 ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்தும் அந்த ஒரே மலையில் உள்ளன. மூன்றும் எழுதியது தமிழ் மொழியையே. ஆயினும் அவற்றுள் ஒன்றை மட்டும் கற்றவர்க்கு மற்றவை விளங்கா.

குன்றின் மேற்குச் சரிவில் இயற்கையாக அமைந்த குகைத்தளத்தில், துறவியர் தங்கிய கற்படுக்கைகளும் சில சிறு கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. எருகாட்டூரைச் சார்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவன் செய்த அறத்தை அவற்றுள் ஒன்று கூறுகின்றது. இவ்வெழுத்தை அறிஞர்கள் தமிழ் பிராமி என்றும் தமிழி என்றும் வழங்குவர். மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் இது காணப்படுகிறது. மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். ஆயினும் இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924ஆம் ஆண்டில்தான் எடுத்துக்காட்டினார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் பொறித்த பாறை, அதுவரை வாய் பேசாப் பாறையாகவே கிடந்தது.

அவ்வெழுத்தின் வடிவம் மிக எளிது. கணக்கில் கூட்டற்குறியாக நாம் இடுவது எதுவோ அதுவே அங்குக் ககரம். ஒற்றைச் செங்கோடு ரகரம். கிடைக்கோட்டின்மேல் நிறுத்திய செங்கோடு நகரம். வடமொழியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தனி வடிவங்களும் அமைத்துக்கொள்ளப்பட்டன. உளி நேராகச் செல்ல விரும்பும் கருவியாதலின், பெரும்பாலும் நேர்க்கோடுகளாலான இவ்வெழுத்து கல்லுக்கு இசைந்ததாயிற்று.

அம்மலையிலேயே, பெருமான் எழுந்தருளியுள்ள குடைவரையின் கல்வெட்டுக்கு வந்தால் எழுத்து முற்றிலும் மாறிவிடுகின்றது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அலுவலனான சாத்தன் கணபதி திருப்பணி செய்ததையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததையும் கூறும் அக்கல்வெட்டு கலியாண்டு 3874, அதாவது கி.பி. 773ஆம் ஆண்டினது. அதற்கு மூன்றாண்டு முற்பட்டது ஆனைமலை நரசிங்கப் பெருமாள் கோயிற் கல்வெட்டு. இரண்டிலும் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. வட்டெழுத்தில் நேர்க்கோடு அரிது, எல்லாம் வளைவே. பகரமும் வகரமும் யகரமும் உடன்பிறந்தார்போல ஒத்திருக்கும். பயின்ற கண்ணும் சற்றே தயங்கும்.

கல்லுக்கு இசைந்த நேர்க்கோட்டை விட்டு எழுத்து ஏன் வளைந்தது எனின், அதற்கு விடை நம் ஊர்ப் பனையில் இருக்கின்றது. கல்லில் எழுதியது அரிதாகவே. நாள்தோறும் எழுதியது ஓலையில். ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுவது. அதன்வழியே எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும். ஆதலின் கை தானே வளைந்து செல்லப் பழகியது. ஓலையில் பழகிய கைதான் கல்லிலும் செம்பிலும் எழுதியது. எனவே கல்லெழுத்தும் ஓலையெழுத்தின் சாயலைப் பெற்றது. வேள்விக்குடிச் செப்பேடுகள் பத்தும் இன்று இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றைப் பொறித்த யுத்தகேசரிப் பெரும்பணைக்காரனின் பெயரை அச்செப்பேடே கூறுகின்றது. மன்னன் பெயரோடு எழுதியவன் பெயரும் நின்றது அக்கலைக்குக் கிடைத்த மதிப்பாகும்.

ஓலையில் எழுதுதல் எளிய செயலன்று. ஓலையை வாரி, உலர்த்தி, நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, சங்கினால் தேய்த்து மெருகேற்றுவர். ஏட்டை இடக்கையில் ஏந்தி, இடக்கைப் பெருவிரலை எழுத்தாணிக்கு அணையாகக் கொண்டு எழுதுவர். தாளில் எழுதுவார்போல் வலக்கை வரிமுழுதும் ஓடுவதில்லை; அது கூரை அழுத்தி நிற்க, இடக்கை ஏட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தும். கைவந்தவர் அடித்தல் திருத்தலின்றி எழுதுவர், ஏனெனில் ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. எழுதி முடித்தபின் மையாடல் செய்வர். மஞ்சளோ, இலைச்சாற்றிற் குழைத்த கரியோ தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் நிறம் தங்கும். அதன்பின் துளையிட்டு நாராசம் கோத்துக் கட்டுவர். எழுதத் தொடங்குமுன் இடும் பிள்ளையார் சுழி, விநாயகரை வணங்குவதோடு, ஓலையின் பதத்தையும் எழுத்தாணியின் கூரையும் சோதித்துக்கொள்ளவும் உதவியது எனப் பெரியோர் கூறுவர்.

புள்ளிதான் ஓலைக்குப் பகையாயிற்று. மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. கூரிய ஆணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் இந்நிலையே. விளைவு யாது? ‘எரி’ என்று ஏட்டில் இருந்தால் அது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா என்பதை இடம் நோக்கியே அறிதல் வேண்டும். மேலும், நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டமையால் ‘பாவை’ என்பதும் ‘பரவை’ என்பதும் ஏட்டில் ஒன்றே. யாப்பும் பொருளும் அறியாதவர் ஏட்டைப் பெயர்த்தெழுதினால் சுந்தரர் துணைவியார் பரவையார் வெறும் பாவையாகிவிடுவார்! ஏடு படித்தல் என்பது எழுத்தறிவு மட்டுமன்று, புலமையும் ஆகும் என்று முன்னோர் கருதியது இதனாலேயே.

முதலாம் இராசராசன் (985–1014) பாண்டிய நாட்டைத் தன் ஆட்சியில் நிலைநிறுத்தியபின், பல்லவர், சோழர் நாட்டில் வளர்ந்திருந்த தமிழெழுத்து இங்கும் பரவியது. வட்டெழுத்து மெல்ல மறைந்து, மலைநாட்டில் மட்டும் நெடுங்காலம் நின்றது. பரங்குன்றத்தின் தென்புறத்து உமையாண்டார் கோயிலில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு தமிழெழுத்திலேயே உள்ளது; சிறிது முயன்றால் இன்றைய அன்பர்களும் அதில் பல எழுத்துகளை அடையாளம் காணலாம்.

மதுரை நாட்டில் நெடுநாள் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவாலேயே வேறுபடுத்தி, ‘எரி’, ‘ஏரி’ மயக்கத்தைத் தீர்த்தார். அச்சு வந்தபின் புள்ளியும் தன் இடத்தை மீண்டும் பெற்றது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட வடிவங்களை ஏற்று, 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு ணா, றா, னா, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளை மாற்றியமைத்தது. யானைத் துதிக்கை போன்ற கொம்புடைய பழைய ‘லை’யைத் திருக்கோயில்களின் பழைய நன்கொடைப் பலகைகளில் இன்றும் காணலாம். அதனைக் கண்ட பேரப்பிள்ளைகள், “தாத்தா, இது என்ன எழுத்து?” என்று கேட்கின்றனர். ஐம்பதாண்டுக்குள் இந்நிலை எனின், ஆயிரம் ஆண்டு எழுத்து அயலாய்ப் போனதில் வியப்பில்லை.

எழுத்து அயலானால் அதன்மேல் சுண்ணம் பூசக் கை கூசுவதில்லை. திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டின்மேல் வண்ணம் அடிப்பதும், மணலை வீசிக் கல்லைத் துலக்குவதும், கற்களை வரிசை மாற்றி அடுக்குவதும் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. குழல்விளக்கின் ஒளியே மறையுமாறு தம் பெயரை எழுதும் உபயதாரர்கள், அச்சுவரிலுள்ள பழைய உபயதாரரின் பெயரையும் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

திருஞானசம்பந்தர் மதுரையில் அனலிலிட்ட ஏடு பச்சையாகவே நின்றதையும், வைகையிலிட்ட ஏடு நீரை எதிர்த்துத் திருவேடகம் சென்று சேர்ந்ததையும் சேக்கிழார் பாடியுள்ளார். தீயும் நீரும் தீண்டாத அப்பெருமானின் ஏடுகளைப் பிற்காலத்தில் தில்லையில் செல்லரித்தது. நம்பியாண்டார் நம்பி காலத்தில் மூவர் தேவாரத்தில் எஞ்சியவை எண்ணூற்றுக்குச் சற்றுக் குறைந்த பதிகங்களே என்பது மரபு. அவற்றுள்ளும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று, சோழ நாட்டுத் திருவிடைவாய்க் கோயிலின் கல்வெட்டில் 1917ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. ஓலை இழந்ததைக் கல் காத்து வைத்திருந்தது. அச்சுவரில் அதுவரை எவரும் சுண்ணம் கொண்டு அதனை அழித்திருக்கவில்லை. எழுத்தறிந்த ஒருவர் அதன்முன் நின்று படித்தார். அப்பதிகம் இன்று மூன்றாம் திருமுறையின் பிற்சேர்க்கையாக அச்சிடப்பெற்று ஓதப்படுகின்றது.