பச்சைக் கொழுந்துக்குக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: மகள் தரம் 4இல் படிக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் கிள்ளிய தேயிலைக் கொழுந்து, சட்டைப்பையில் நசுங்கிப் பழுப்பாகிவிட்டது. “தேயிலைத் தூளுக்குச் சாயம் பூசுகிறார்களா?” என்று வகுப்பில் கேட்டாளாம். “முதலில் புலமைப்பரிசில் முடியட்டும்” என்று பதில் வந்ததாம். நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், ஹந்தானை, கண்டி

பதில்: சாயமெல்லாம் இல்லை, அம்மா. அவள் சட்டைப்பையே ஒரு குட்டித் தேயிலைத் தொழிற்சாலைதான். கொழுந்துக்குள் பொலிஃபீனோல்களும் ஒரு நொதியமும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கினால் சுவர் உடைந்து கலந்துவிடும். காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, இலை செம்பு நிறமாகும். பிறகு சூட்டில் காய்ந்து கறுக்கும். இலை இப்படிச் செம்பு நிறமாவதைப் புளிக்கவைத்தல் என்பார்கள். ஆனால் தோசைமாவில் போல நுண்ணுயிர் வேலை இல்லை. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே கதை. அதை நீங்கள் தண்ணீரில் போடுவது காற்றுப் படாமல் இருக்கத்தானே!

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது, பங்களா வராந்தாவில் மேசை வைத்துக் கொழுந்தைக் கையாலேயே உருட்டி நசுக்கினார்கள். உங்கள் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய உருட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன, கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை கொடுக்கலாம். இரண்டு கொழுந்தில் ஒன்றை நீங்கள் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுங்கள். இரண்டையும் அவள் கசக்கி வைக்கட்டும். வெந்தது அவ்வளவாகப் பழுப்பாகாது. சூடு நொதியத்தைக் கெடுத்துவிடும். கிரீன் டீ அப்படித்தான் பிறக்கிறது.

அடுத்து, பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் ஏன் வெளுக்கிறது என்று கேட்பாள். அமிலம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இன்னொரு கோப்பையில் வினாகிரி விட்டுப் பார்க்கட்டும்.